பழ ஈக்கு எந்த எண்ணெய்?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே எங்கள் வீட்டில் கொய்யாவும் ஒட்டுமாவும் நிற்கின்றன. பழத்தில் புழு வைப்பதால், 'இயற்கை ஈ விரட்டி' என்று விற்ற சிட்ரோனெல்லா எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் கிளையில் கட்டினேன். ஈக்கள் முன்னைவிட அதிகமாக வந்து மொய்க்கின்றன. எண்ணெய் கலப்படமா? கிராம்பு எண்ணெய் வாங்கும்படி கடைக்காரர் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: ஈ மொய்ப்பதை வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. கொசுவை விலக்கும் சிட்ரோனெல்லா எண்ணெய் பழ ஈயின் ஆண்களை ஈர்க்கிறது என்பதைப் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் 1912-இலேயே எழுதினார். அந்த எண்ணெயில் இருக்கும் மெத்தில் யூஜினால் என்னும் பொருளுக்கு அந்த ஈர்ப்பு உண்டு என்பதையும் 1915-இல் அவரே காட்டினார். துளசியிலும் இப்பொருள் இருப்பதால், கசக்கிய துளசி இலைக்கும் இந்த ஈக்கள் வரும்.

கிராம்பு எண்ணெயில் மிகுதியாக இருப்பது யூஜினால். பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு பொருள், ஈர்ப்பும் மிகக் குறைவு. புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் கிராம்பின் விலையுயர்ந்த எண்ணெயை இதற்குச் செலவிட வேண்டாம்.

வாங்குவதானால் மெத்தில் யூஜினால் கட்டை வைத்த பழ ஈப் பொறியைக் கேட்டு வாங்குங்கள். பாகல், புடலைப் பந்தலுக்கு இது பயன்படாது. அங்கு வரும் வேறு வகை ஈக்குக் 'கியூலூர்' என்ற ஈர்ப்புப் பொருள் வைத்த பொறி வேண்டும் என்பதால், எந்தப் பயிருக்கு என்று சொல்லியே கேளுங்கள். பொறியில் சிக்குபவை ஆண் ஈக்களே. முட்டையிடும் பெண் ஈ பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வரும். ஆகையால் பிஞ்சு திரளும்போதே காகித உறையிட்டு, உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைப்பது எந்த எண்ணெயையும்விட முக்கியம். வேப்பெண்ணெய்க் கரைசல் முட்டையிடுவதை ஓரளவு தடுக்கும். ஆனால் இரண்டு பருவமழையும் பெறும் நம் ஊரில் அது விரைவில் கழுவப்பட்டுவிடும்.

புட்டியில் 'பழ ஈயை விரட்டும்' என்றே அச்சிட்டிருந்தால், அது பொய்யான விளம்பரம். புட்டியையும் ரசீதையும் வைத்துக்கொண்டு, முதலில் கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது.