ஆப் செய்யும்போது எந்த வெர்ஷனோடு எது சேரும்? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மொபைல் ஆப் செய்யும்போது ஜாவா, கோட்லின் என்ற மொழிகள், கோடை ஆப்பாகக் கட்டித்தரும் (அதைத்தான் பில்ட் என்பார்கள்) கிரேடில், ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே கோடில் ஆப் செய்ய உதவும் ஃப்ளட்டர் என்று ஒவ்வொன்றிலும் எந்த வெர்ஷனைப் போடுவது என்று கேட்டு, திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒரு வேண்டுகோள்: எர்ரரை போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் கடைசி வரியை மட்டும் அனுப்பாதீர்கள். 'வாட் வென்ட் ராங்' என்று ஒரு வரி வரும் பாருங்கள், அதற்குக் கீழே உள்ளதுதான் எனக்கு வேண்டும்.

சேரன்மகாதேவி, இறுதியாண்டு மாணவர்: அண்ணாச்சி, சீனியர் அண்ணன் செய்த ஃப்ளட்டர் ப்ராஜெக்டை வாங்கி என் புது லேப்டாப்பில் ஓட்டினேன். 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65' என்று வந்து நின்றுவிடுகிறது. அவர் லேப்டாப்பில் நன்றாக ஓடுது. கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை. அடுத்த வாரம் வைவா.

கோடில் தப்பு எதுவும் இல்லை தம்பி. அந்த 65-இல் 44-ஐக் கழித்தால் 21. அதாவது உங்கள் லேப்டாப்பில் ஓடுவது ஜாவா 21. இதே கணக்கில் 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8.

நீங்கள் ஜாவாவைத் தனியாகப் போடவில்லை என்பீர்கள். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே ஒரு ஜாவாவை உள்ளே வைத்துக்கொண்டுதான் வருகிறது. 2024-இல் வந்த லேடிபக் வெர்ஷனிலிருந்து அது 21 ஆகிவிட்டது. அதற்கு முந்தையதில் 17. நாமாக வேறொன்றைக் காட்டாதவரை ஃப்ளட்டர் இந்த ஜாவாவைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் சீனியர் ஸ்டூடியோவை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பார்.

அடுத்து கிரேடில். ஜாவா 17-இல் ஓட கிரேடில் குறைந்தது 7.3 ஆவது இருக்க வேண்டும். ஜாவா 21-இல் ஓட 8.5 வேண்டும். ப்ராஜெக்டில் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் கிரேடில், அதற்குள் ரேப்பர் என்று போனால் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் இருக்கும். அதில் டிஸ்ட்ரிப்யூஷன் யூஆர்எல் வரியில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அதே மாணவர்: 7.5 என்று இருக்கு அண்ணாச்சி. பில்ட் ஃபைலில் இன்னொரு இடத்தில் 7.3.0 என்றும் இருக்கு. ரெண்டில் எது கிரேடில்?

ரேப்பரில் இருக்கும் 7.5தான் கிரேடில். 7.3.0 என்பது ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளக்இன். சுருக்கமாக ஏஜிபி என்பார்கள். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். உங்களிடம் உள்ள ஜோடி சரியான ஜோடிதான், ஏஜிபி 7.3-க்கு கிரேடில் 7.4 போதும்.

வைவா அடுத்த வாரம் என்பதால் ப்ராஜெக்டைத் தொடவே வேண்டாம். ஜேடிகே 17-ஐ (ஜாவா 17-இன் டெவலப்பர் தொகுப்பு) தனியாக இன்ஸ்டால் செய்துவிட்டு, 'ஃப்ளட்டர் கான்ஃபிக்' கட்டளையில் 'ஜேடிகே டிர்' என்ற ஆப்ஷனைப் போட்டு அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். எடிட்டரை மூடித் திறந்து பில்ட் செய்யுங்கள், ஓடிவிடும்.

வைவா முடிந்தபின் முறையாக ஏற்ற நினைத்தால், கிரேடிலை மட்டும் 8.5 ஆக்கிவிட்டு உட்காராதீர்கள். பழைய ஏஜிபி அதோடு முரண்டு பிடிக்கும். ஏஜிபியையும் 8-க்கு ஏற்ற வேண்டும். ஏற்றியதும் 'நேம்ஸ்பேஸ் நாட் ஸ்பெசிஃபைட்' என்று அடுத்த எர்ரர் வரும். ஏஜிபி 8-இலிருந்து பேக்கேஜ் பெயரை மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரங்கள் உள்ள ஃபைல்) எழுதினால் செல்லாது; பில்ட் ஃபைலில் நேம்ஸ்பேஸ் என்று எழுத வேண்டும். உங்கள் ஆப்பில் அதைச் சரிசெய்வது ஒரு வரி வேலை. ஆனால் நீங்கள் சேர்த்திருக்கும் பழைய பேக்கேஜ்களில் (பிறர் எழுதிய தயார் கோட் தொகுப்புகளில்) அது இல்லாவிட்டாலும் இதே எர்ரர்தான், அவற்றையும் புதுசாக்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தொட்டால் நாலு வரும் என்பதால்தான் வைவாவுக்கு முன்னால் வேண்டாம் என்றேன்.

தென்காசி, பஸ் டைம் ஆப் செய்பவர்: ஆலங்குளம் வழி, அம்பை வழி என்று ரெண்டு ரூட்டுக்கும் நேரம் காட்டுகிற ஆப். கோட்லினில் எழுதியது. ஏஜிபிக்கு எந்த கிரேடில் என்று ஒரு கணக்கு சொன்னால் எழுதி வைத்துக்கொள்வேன்.

ஏஜிபி 7.4-க்கு கிரேடில் 7.5. 8.0-க்கும் 8.1-க்கும் கிரேடில் 8.0. 8.2-க்கு 8.2. அதன்பின் எண்கள் விலக ஆரம்பிக்கும்: 8.3-க்கு 8.4, 8.5-க்கும் 8.6-க்கும் 8.7, 8.7-க்கு 8.9. இவையெல்லாம் குறைந்தபட்சம். அதே வரிசையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. குறைந்தால் அங்கேயே நின்றுவிடும். ஏஜிபி 8 வரிசை முழுவதற்கும் ஜாவா 17 ஆவது வேண்டும். 7 வரிசைக்கு 11 போதும்.

மறக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கும் மேல் எல்லை இருக்கிறது. கோலா வெர்ஷன் ஏஜிபி 8.5 வரைதான் திறக்கும், லேடிபக் 8.7 வரை. நீங்கள் ஏஜிபியை ஏற்றிவிட்டு, கூட வேலை பார்க்கும் நண்பர் பழைய ஸ்டூடியோவில் திறந்தால் அவருக்கு சிங்க் ஆகாது, அதாவது ப்ராஜெக்ட் திறந்து தயாராகாது. உங்களுடையது கோட்லின் ஆப் என்பதால் ஸ்டூடியோவிலேயே டூல்ஸ் மெனுவில் இருக்கும் ஏஜிபி அப்கிரேட் அசிஸ்டன்டைப் பயன்படுத்துங்கள். கிரேடிலையும் சேர்த்து அதுவே மாற்றித்தரும். நான் எழுதியதைவிட அது நம்பகமானது.

வள்ளியூர்: எல்லாவற்றையும் லேட்டஸ்டாக வைத்துக்கொண்டால் தொல்லையே இல்லைதானே?

இருக்கிறது. கிரேடில் இன்றைக்கு வரும், அதற்கு ஏற்ற பேக்கேஜ் சில மாதம் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது டெம்ப்ளேட் என்ன எண் தருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

களக்காடு, வாழை மண்டி விலை ஆப்: ஏத்தன் தார் விலையை தினமும் காலையில் போடுகிறோம். டார்கெட் ஏபிஐ பழசு, அப்டேட் ஏற்க முடியாது என்று ப்ளே ஸ்டோருக்கு ஆப் அனுப்பும் ப்ளே கன்சோல் தளம் சொல்லுது. ஏற்றிவிட்டால் விவசாயிகளின் பழைய போனில் ஓடாமல் போய்விடுமோ என்று பயம். நிறையப் பேரிடம் ஆண்ட்ராய்டு 8தான்.

பயப்படாதீர்கள், போகாது. மூன்று எண்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் வேலை வேறு. பழைய போனை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது மின் எஸ்டிகே (மினிமம் எஸ்டிகே) மட்டும்தான். ஆண்ட்ராய்டு 8.0 என்றால் அதன் எண் 26. மின் எஸ்டிகே 26-ஓ அதற்குக் கீழோ இருக்கும்வரை உங்கள் விவசாயிகளுக்கு ஆப் கிடைக்கும். கம்பைல் எஸ்டிகே என்பது எந்த ஆண்ட்ராய்டின் வசதிகளைப் பார்த்துக் கோடை பில்ட் செய்கிறோம் என்பது. டார்கெட் எஸ்டிகே (கன்சோல் சொல்லும் டார்கெட் ஏபிஐ இதுதான்) என்பது 'இந்த ஆண்ட்ராய்டின் விதிமுறைக்கு என் ஆப் தயார்' என்று நாம் கொடுக்கும் வாக்கு. ப்ளே ஸ்டோர் கேட்பது இந்த மூன்றாவதை.

2024 ஆகஸ்ட் 31 முதல் அது 34 ஆனது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புது ஆப்புக்கும் அப்டேட்டுக்கும் 35, அதாவது ஆண்ட்ராய்டு 15. வருஷா வருஷம் ஏறும் என்று வைத்துக்கொண்டு ஆடி மாதமே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. கம்பைல் எஸ்டிகே 35 ஆக ஏஜிபி 8.6 ஆவது வேண்டும். அதற்கு கிரேடில் 8.7, ஜாவா 17. அப்புறம், டார்கெட் 35 ஆன ஆப் ஆண்ட்ராய்டு 15 போனில் திரையின் விளிம்புவரை விரியும். மேலே மணி, பேட்டரி காட்டும் பட்டைக்குப் பின்னால் உங்கள் தலைப்பும், கீழே பட்டன்களுக்கு அடியில் கடைசி வரி விலையும் ஒளிந்துகொள்ளலாம். பழைய போனில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது.

இன்னொன்று: டார்கெட் 35 ஆனபின் 16 கேபி மெமரி பேஜ் (போன் தன் நினைவகத்தைப் பிரித்தாளும் துண்டின் அளவு) என்ற விதியும் சேர்ந்துகொள்கிறது. ப்ளே ஸ்டோர் இதற்கு வைத்த முதல் தேதி 2025 நவம்பர் 1. சி, சி++ லைப்ரரி உள்ள ஆப்புகளுக்குத்தான் இது. ஃப்ளட்டர், அதே மாதிரி இன்னொன்றான ரியாக்ட் நேட்டிவ் ஆப்புகளில் எஞ்சினே அப்படிப்பட்டது என்பதால் அவர்களுக்கும் உண்டு. ஏஜிபி 8.5.1-ஓ அதற்கு மேலோ இருக்கட்டும். சொந்தமாக சி++ கம்பைல் செய்தால் அதற்கான கருவித் தொகுப்பான என்டிகே ஆர்28 தானாகவே சரியாக அமைத்துவிடும்.

மேலப்பாளையம்: ஆப்பின் திரைகளைக் கோட்லினில் எழுத உதவும் காம்போஸ் பயன்படுத்துகிறேன். காம்போஸ் கம்பைலர் 1.4.3-க்கு கோட்லின் 1.8.10 வேண்டும், நீ வைத்திருப்பது 1.9.22 என்று திட்டுகிறது. குறைக்கவா, கூட்டவா?

காம்போஸ் கம்பைலரைக் கூட்டுங்கள். கோட்லின் 1.9.22-க்கு காம்போஸ் கம்பைலர் 1.5.8 அல்லது 1.5.10. பழைய முறையில் இந்த ஜோடி ஒரு புள்ளிகூட மாறாமல் பொருந்த வேண்டும். 2024 மே மாதம் வந்த கோட்லின் 2.0-இலிருந்து இந்தத் தலைவலியே இல்லை. காம்போஸ் கம்பைலர் கோட்லினோடு சேர்ந்து அதே எண்ணில் வருகிறது, ப்ளக்இன்னாகச் சேர்த்துவிட்டு பழைய வரியை எடுத்துவிடலாம். நேரம் இருந்தால் அங்கேயே போய்விடுங்கள். கேஎஸ்பி (சில கோடைத் தானாக உண்டாக்கித் தரும் கோட்லின் கருவி) பயன்படுத்தினால் அதையும் சேர்த்து மாற்றணும். 1.9.22-1.0.17 மாதிரி இருக்கும் அதன் பழைய எண்களில் முதல் பாதி கோட்லினுடையது.

அம்பாசமுத்திரம்: ஃப்ளட்டரில் தமிழ் சேர்க்க லோக்கலைசேஷன்ஸ் போட்டேன். தேதி, எண்களை மொழிக்கு ஏற்பக் காட்டும் இன்ட்எல் பேக்கேஜில் மோதி 'வெர்ஷன் சால்விங் ஃபெயில்டு'. ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டைத் தனியாக அப்டேட் செய்யணுமா?

டார்ட்டைத் தொடாதீர்கள், அது ஃப்ளட்டருக்குள்ளேயே வருவது. ஃப்ளட்டர் 3.10 என்றால் டார்ட் 3.0, பிரித்து ஏற்ற வழியில்லை. ஃப்ளட்டரின் லோக்கலைசேஷன்ஸ் பேக்கேஜ் இன்ட்எல்லின் ஒரே ஒரு வெர்ஷனைப் பிடித்து வைத்திருக்கும். பேக்கேஜ் பட்டியல் இருக்கும் பப்ஸ்பெக் ஃபைலில் நீங்கள் வேறு எண் எழுதினால் சண்டைதான். எண்ணுக்குப் பதில் 'எனி' என்று போடுங்கள். ஓவர்ரைடு எழுதி (இந்த எண்தான் என்று வற்புறுத்தி) வாயை அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தமடை, பாய் விற்கும் ஆப்: அக்காவும் நானும் ரியாக்ட் நேட்டிவ் ஆப் செய்ய உதவும் எக்ஸ்போவில் செய்தோம். நேற்றுவரை போனில் திறந்தது. இன்றைக்கு, சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்போ கோ ஆப் அதைத் திறக்க மாட்டேன் என்கிறது.

போனில் எக்ஸ்போ கோ தானாக அப்டேட் ஆகியிருக்கும். அது புது எக்ஸ்போ எஸ்டிகேவைத்தான் திறக்கும், உங்கள் ப்ராஜெக்ட் பழைய எஸ்டிகேவில் நிற்கிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் எக்ஸ்போ தளத்திலிருந்து உங்கள் எஸ்டிகேவுக்கு உரிய பழைய எக்ஸ்போ கோவை இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ப்ராஜெக்டை ஏற்றுங்கள்.

எக்ஸ்போவில் எஸ்டிகே எண் ஒன்றுதான் தலைமை. எஸ்டிகே 52 என்றால் ரியாக்ட் நேட்டிவ் 0.76, 53 என்றால் 0.79. பேக்கேஜ் சேர்க்கும்போது 'என்பிஎம் இன்ஸ்டால்' போடாமல் 'எக்ஸ்போ இன்ஸ்டால்' போட்டால், உங்கள் எஸ்டிகேவுக்குச் சேர்ந்த வெர்ஷனை அதுவே பொறுக்கித் தரும். ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் அதே கட்டளையில் 'செக்' ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள்.

சங்கரன்கோவில்: 2017 மேக்புக் ஏர் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்குது. ஐபோன் ஆப் ஸ்டோருக்கு அனுப்ப அது போதுமா?

வாங்காதீர்கள். ஐபோன் ஆப்பை பில்ட் செய்யும் ஆப்பிளின் மென்பொருள் எக்ஸ்கோட்; 2025 ஏப்ரல் 24 முதல் அது 16 ஆவது இருக்க வேண்டும் என்று ஆப் ஸ்டோர் விதித்தது. எக்ஸ்கோட் 16-க்கு மேக்ஓஎஸ் சொனோமா 14.5 வேண்டும். அந்த மேக்புக் அதைவிடப் பழைய மேக்ஓஎஸ் மான்டரேயோடு நின்றுவிடும். இந்த வரம்பும் ஏறிக்கொண்டேதான் போகும். அந்தக் காசுக்கு கிளவுட் பில்டில் மேக்கை வாடகைக்கு எடுப்பது மேல்.

திசையன்விளை: எங்கள் ஊரில் வீட்டு நெட் கிடையாது, போன் டேட்டாதான். ப்ராஜெக்ட் மாறும்போதெல்லாம் கிரேடில் மறுபடி இறங்குது.

ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் ரேப்பர் எண் வேறு வேறாக இருக்கும், அதனால்தான். ஒவ்வொன்றும் நூறு எம்பிக்கு மேல். உங்கள் சொந்த ப்ராஜெக்டுகளுக்கெல்லாம் ஒரே ஏஜிபி, ஒரே கிரேடில் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூஆர்எல் 'ஆல்' என்று முடிந்தால் 'பின்' என்று மாற்றுங்கள், அளவு குறையும். நெட் உள்ள நண்பரிடம் ஏற்கெனவே இறங்கியிருந்தால், அவருடைய யூசர் ஃபோல்டரில் டாட் கிரேடில், ரேப்பர், டிஸ்ட்ஸ் என்று உள்ளதை பென்டிரைவில் எடுத்துவந்து உங்களுடையதில் அதே இடத்தில் போடலாம். உள்ளே இருக்கும் ஃபோல்டர் பெயர் யூஆர்எல்லை வைத்து உண்டாவது. அதனால் இரண்டு பேரின் யூஆர்எல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் இது பலிக்கும்.

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியை: லேபில் எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி ஓட வைக்க என்ன செய்வது? மாணவர்கள் அப்டேட் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள்.

மேடம், செமஸ்டர் தொடங்கும்போது ஒரு தொகுப்பை முடிவு செய்து, செமஸ்டர் முடியும்வரை அதையே வையுங்கள். ஃப்ளட்டர் என்றால் எஃப்விஎம் (ஃப்ளட்டர் வெர்ஷன்களை நிர்வகிக்கும் கருவி) போட்டு ப்ராஜெக்டிலேயே வெர்ஷனைப் பூட்டிவிடலாம். கோடைச் சேமித்துப் பகிரும் கிட்டில் (git) ரேப்பர் ஃபைல்கள், பப்ஸ்பெக் லாக் ஃபைல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். லாக் ஃபைலைக் குப்பை என்று நினைத்து அழிக்கிற பையன்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஸ்டூடியோவின் அப்டேட் அறிவிப்பை செட்டிங்ஸில் நிறுத்திவிடலாம். ஜாவா 17-ஐத் தனியாகப் போட்டு அதையே சுட்டிவிட்டால், யாராவது ஸ்டூடியோவை ஏற்றினாலும் ஃப்ளட்டர் பில்ட் உடையாது.

வண்ணார்பேட்டை: ஏஐயிடம் கேட்டு வெர்ஷன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் சொல்லுது.

'சேர்கிற வெர்ஷன் என்ன' என்று பொதுவாகக் கேட்டால் அப்படித்தான். உங்கள் ரேப்பர் வரி, ஏஜிபி வரி, கோட்லின் வரி, 'ஃப்ளட்டர் டாக்டர்' கட்டளை தந்த பதில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுக் கேளுங்கள். வந்த எண்ணை ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தின் ஏஜிபி பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஃப்ளட்டரில் 'அனலைஸ்' கட்டளைக்கு 'சஜஷன்ஸ்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. ஜாவா, கிரேடில், ஏஜிபி மூன்றும் சேருமா என்று அதுவே சொல்லும்.

பேட்டை: 2018-இல் செய்த ஃப்ளட்டர் ஆப் ஒன்று. ஜேசென்டர் என்று எங்கே பார்த்தாலும் இருக்கு. மீட்க முடியுமா?

கோடை மீட்கலாம், பில்ட் ஃபைல்களை மீட்காதீர்கள். பேக்கேஜ்கள் இறங்கும் தளமான ஜேசென்டரை மூடப்போவதாக 2021-இலேயே அறிவித்துவிட்டார்கள். இன்றைய ஃப்ளட்டரில் அதே பேக்கேஜ் பெயரோடு புது ப்ராஜெக்ட் உண்டாக்கி, லிப் ஃபோல்டரையும் அசெட்ஸையும் மட்டும் அதற்குள் கொண்டுவாருங்கள். டார்ட் 3-இல் நல் சேஃப்டி (மதிப்பே இல்லாத மாறியால் பிழை வராமல் காக்கும் விதி) கட்டாயம் என்பதால் கோட் முழுக்கச் சிவப்பாக வரும், உட்கார்ந்து திருத்த வேண்டியதுதான். ப்ளே ஸ்டோரில் இருக்கும் ஆப் என்றால் பழைய கீஸ்டோர் ஃபைலும் (ஆப்புக்குக் கையெழுத்திடும் சாவி) அதன் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.