ஐந்து எண்ணுக்கு எத்தனை விடை?

கேள்வி: புள்ளியியலுக்கான ஆர் மொழியின் ‘ஏசிஎஃப்’ ஃபங்ஷனை (ஒரு தொடர் தன்னையே சில இடம் தள்ளி வைத்தால் எவ்வளவு ஒட்டுறவு, அதாவது கோரிலேஷன், இருக்கிறது என்று கணக்கிடுவது) பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சரிபார்க்கப் பைத்தான் நூலகமான பாண்டாஸின் ‘ஆட்டோகார்’ ஃபங்ஷனை ஓட்டினேன். தரவு ஒன்றுதான், ஆனால் ஆர் தரும் எண்ணும் இதுவும் இரண்டாம் தசம இடத்திலேயே வேறுபடுகின்றன. ரவுண்டிங் பிழையா?

பதில்: இல்லை. ரவுண்டிங் பிழை அவ்வளவு முன்னால் வராது. இரண்டும் வெவ்வேறு கணக்கைப் போடுகின்றன.

1, 2, 3, 4, 5 என்ற தொடரைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சராசரி 3, விலகல்கள் −2, −1, 0, 1, 2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. ஓர் இடம் தள்ளி (இந்தத் தள்ளலின் அளவுதான் ‘லேக்’, இங்கே லேக் 1) பெருக்கிக் கூட்டினால் 4. ஆர் இரண்டையும் 5-ஆல் வகுத்து விகிதம் எடுக்கும்; விடை 4/10, அதாவது 0.4. பாண்டாஸ் அப்படிச் செய்வதில்லை. 1 முதல் 4 வரை ஒரு பக்கம், 2 முதல் 5 வரை மறுபக்கம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சராசரி எடுத்து ஒட்டுறவைக் கணக்கிடும். விடை 1! ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பைத்தான் நூலகமான ஸ்டாட்ஸ்மாடல்ஸின் ‘ஏசிஎஃப்’தான் சரி, அதை அப்படியே ஓட்டினால் 0.4 வரும்.

அப்புறம் ஒரு சபலம் வரும். லேக் 1-இல் நான்கு ஜோடிதானே, எதற்கு 5-ஆல் வகுக்க வேண்டும் என்று. தயவுசெய்து மாற்றாதீர்கள். லேக் 4-இல் ஒரே ஜோடி, பெருக்கல் −4. அதை 1-ஆல் வகுத்து, பரவற்படியான (வேரியன்ஸ்) 10/5 = 2-ஆல் மறுபடி வகுத்தால் −2. ஒட்டுறவு −1-க்குக் கீழே போகலாமா? எல்லா லேகுக்கும் 5-ஆல் வகுப்பதால் ஆர் −0.4 என்று ஒழுங்காகத் தருகிறது.

லேக் எண்ணிக்கை சின்ன விஷயம்: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆர் 10 × லாக்10(n) வரை போகும் (n என்பது மதிப்புகளின் எண்ணிக்கை); 100 மதிப்புகளுக்கு 20.

விடுபட்ட மதிப்புகளில்தான் கவனம் அதிகம் தேவை. இந்த மாதிரி வேலையில் நான் முதலில் திறப்பது ஆரின் சி நிரலைத்தான். அங்கே வகுக்கும் எண் n அல்ல. கிடைத்த ஜோடிகளின் எண்ணிக்கையோடு லேகைக் கூட்டியது. நம் தொடரில் 3 இருந்த இடத்தை விடுபட்ட மதிப்பாக வைத்து, அதை அப்படியே உள்ளே விடும் ‘நா.பாஸ்’ (na.pass) கொடுத்து ஓட்டுங்கள். லேக் 0-இல் 10/4; லேக் 1-இல் இரண்டே ஜோடி, ஆகவே 4/(2+1). விகிதம் 0.533. உங்கள் பைத்தான் நிரலும் அதையே தந்தால், சரி, உண்மைத் தரவை உள்ளே விடலாம்.