திறக்காமல் குவியும் மடல்கள்

கேள்வி: நண்பர்கள் சொன்னார்கள் என்று பதினைந்து பேருடைய மின்மடல்களுக்கு (நியூஸ்லெட்டர்) பதிவு செய்துவிட்டேன். பாதியைத் திறப்பதே இல்லை. நிறுத்தினால் எழுதுபவர் வருந்துவாரோ என்று தயக்கம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: முதலில் அந்தத் தயக்கத்தை விடுங்கள். திறக்கப்படாமலே கிடக்கும் மடல்தான் எழுதுபவருக்குக் கெடுதல். பலரும் சீண்டாத மடலை மின்னஞ்சல் சேவைகள் ஸ்பாமுக்குத் தள்ள வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் திறக்காதவர்களைச் சிலர் தாங்களாகவே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அதனால்தான்.

சரி, எதை வைத்துக்கொள்வது? ஒவ்வொருவரும் எழுதியதில் நீங்கள் கடைசியாகப் படித்த நான்கு மடல்களின் தலைப்பை மட்டும் பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று ஒன்றைப் பற்றியாவது சொல்ல முடிந்தால் அவருடைய மடல் இருக்கட்டும். நான்கும் மறந்துபோயிருந்தால், நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுக்கானது இல்லை.

புதிதாக ஒன்றில் சேரும் முன் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எழுதுபவர் தானே கண்டதைச் சொல்கிறாரா? தூக்கத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர், ‘நல்ல தூக்கத்துக்கு ஏழு வழிகள்’ என்று எங்கும் கிடைப்பதைத் தொகுக்கிறார். இன்னொருவர், ‘ஒரு மாதம் போனை அடுத்த அறையில் வைத்தேன். முதல் வாரம் முழுக்க, பாதித் தூக்கத்தில் கை தலையணைக்கு அடியில் துழாவிக்கொண்டே இருந்தது’ என்கிறார். அந்தத் துழாவும் கை வேறெங்கும் கிடைக்காது. நான் இரண்டாமவரிடம்தான் போவேன். அப்புறம், அவருடைய ஒரு வருடப் பழைய மடல் ஒன்றையும் படித்துப் பார்ப்பேன். அது இன்றும் உயிரோடு இருக்கிறதா, தவறியதை அவர் பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

இலவசம்தானே என்று நினைக்காதீர்கள். வாரம் ஒரு மடல், படிக்கப் பதினைந்து நிமிடம் என்றால் வருடத்துக்கு 13 மணி நேரம். பதினைந்து மடல்களுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்! பணம் கட்டிப் படிக்கும் மடல் என்றால் இலவசமாக வருவதை மூன்று மாதம் படித்த பிறகு முடிவெடுங்கள்.

விலகுவது இப்போது எளிது. பெருமளவில் சந்தா மடல் அனுப்புபவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று ஜிமெயில் 2024-இல் விதி கொண்டுவந்தது. ஆனால் அலுப்பில் ஸ்பாம் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பதும் ஜிமெயிலின் விதி. ஆயிரம் பேருக்கு எழுதும் ஒருவருக்கு மூன்றே மூன்று புகார் போதும்.

விட மனசே வராத இரண்டு மூன்றை ஒரு ஃபில்டர் போட்டுத் தனி லேபிளுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் இன்பாக்ஸில் கண்ணில் படாமல் இருக்கட்டும். நீங்களாகத் தேடிப் போய்த் திறந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.