மாட்டு நோய்க்கு சிமியுலேஷன்: முதலில் பால் லொறியின் பதிவேட்டைத் திறவுங்கள்

கேள்வி: கொழும்பில் ஒரு பால் நிறுவனத்தின் தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். வவுனியா, மட்டக்களப்பு, நுவரெலியா எனப் பல இடங்களிலிருந்து எங்களுக்குப் பால் வருகிறது. கால்-வாய் நோய் எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லும் சிமியுலேஷன் மென்பொருள் வாங்கலாமா என்று மேலதிகாரி கேட்கிறார். எத்தனை மாடுகளில் இரத்தம் எடுத்தால் போதும் என்பதையும் அது சொல்லுமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். எந்த ஊரில், எந்த நாளில் நோய் வரும் என்று எந்த மாதிரியுருவும் (நோய் பரவுவதைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் கணக்கு) சொல்லாது. இதைச் செய்தால் எத்தனை பண்ணை பாதிக்கப்படும், அதைச் செய்தால் எத்தனை என்று இரண்டு முடிவுகளை ஒப்பிட்டுக் காட்டும். அதுவே பெரிய உதவி.

ஒரு தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். நோய் வந்த ஒரு பண்ணை 5 நாளில் இன்னும் 2 பண்ணைகளுக்குக் கொடுக்கிறது என்று வையுங்கள் (விளக்கத்துக்காக நான் எடுத்த எண்). 10ஆம் நாள் மொத்தம் 7 பண்ணைகள் (1+2+4), 15ஆம் நாள் 15 (அதோடு புதிதாக 8). அதாவது மிருக வைத்தியருக்குத் தகவல் 5 நாள் முந்திப் போனால் 8 பண்ணைகள் தப்பும். கணினி இதையே தற்செயலையும் சேர்த்து ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்க்கிறது. அப்போது வரும் சராசரியை மட்டும் மேலதிகாரிக்குக் காட்டாதீர்கள். மிக மோசமாக முடிந்த ஓட்டங்களையும் காட்டுங்கள். நிறுவனத்தை முடக்கக்கூடியவை அவைதான்.

சரி, அந்த '2' எங்கிருந்து வரும்? உங்கள் கையில்தான் இருக்கிறது. கால்-வாய் நோய் பிடித்த பசுவில் வாய்ப்புண் தெரிவதற்கு முன்பே பாலில் வைரஸ் வந்துவிடும். பால் கான், லொறியின் சக்கரம், சேகரிக்கப் போகிறவரின் செருப்பு எல்லாம் அதைச் சுமக்கும். எந்த லொறி எந்த நாளில் எந்தப் பண்ணைகளுக்கு எந்த வரிசையில் போகிறது என்ற பதிவேடு உங்களிடம் இருந்தால், விலைக்கு வாங்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதோடு தரகர்கள் வழியாக மாடு கைமாறுவதையும் எழுதிவையுங்கள். பருவத்தையும் மறக்க வேண்டாம். பெரும்போக விதைப்பு தொடங்கினால் மட்டக்களப்புப் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்குப் போய்விடும். வெவ்வேறு ஊர்ப் பட்டிகள் அங்கே ஒன்றாக மேயும். ஆடி மாதத் தொடர்புகளை வைத்துக் கார்த்திகை மாதத்தைக் கணிக்க முடியாது.

இன்னொன்று, ஒரு நோய்க்குச் செய்த மாதிரியுரு இன்னொரு நோய்க்குப் பொருந்தாது. 2020இல் வடக்கில் முதன்முதலாகக் கண்ட லம்பி தோல் நோய், கடிக்கும் ஈ, நுளம்பு, உண்ணி வழியாகப் பரவுவது. அங்கே லொறிப் பதிவேட்டைவிட மழையும் பூச்சிப் பெருக்கமுமே முக்கியம்.

அவசர முடிவுகளை மாதிரியுருவிடம் ஒப்படைப்பதில் எனக்குப் பயம் உண்டு. 2001இல் பிரித்தானியாவில் கால்-வாய் நோய் உறுதியானபோது, சந்தைகள் வழியாக அது ஏற்கெனவே பல பண்ணைகளுக்குப் போய்விட்டிருந்தது. நோய் கண்ட பண்ணைக்கு அடுத்த பண்ணைகளின் கால்நடைகளையும் கொல்லும் கொள்கைக்கு மாதிரியுருக்களே ஆதாரமாகக் காட்டப்பட்டன. 60 இலட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. அவ்வளவும் தேவைதானா என்ற விவாதம் பல வருடங்கள் நீடித்தது. எண்கள் மெலிந்திருந்தால் விடையும் மெலிந்ததுதான், திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும்.

இரத்த மாதிரிக்கு மென்பொருளே தேவையில்லை. 300 மாடுகளைச் சோதித்து ஒன்றில்கூட நோய் இல்லையென்றால், நோயின் அளவு 1 சதவீதத்துக்குக் கீழே என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 3ஐச் சோதித்த எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் எல்லை கிடைக்கும். 60 மாடுகள் என்றால் 5 சதவீதம். ஆனால் 300ஐயும் ஐந்தாறு பண்ணைகளில் எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. நோய் பட்டி பட்டியாகத்தான் பிடிக்கும், அதனால் பண்ணைகளைப் பரவலாகத் தெரிய வேண்டும். சோதனை சில மாடுகளைத் தவறவிடும் என்பதற்காக எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டியும் வையுங்கள்.

தடுப்பூசி போட்ட மாட்டிலும் பிறபொருளெதிரி (நோயை எதிர்க்க உடல் இரத்தத்தில் உண்டாக்கும் பொருள்) இருக்கும். ஆகவே தடுப்பூசியையும் உண்மையான தொற்றையும் பிரித்துக்காட்டும் என்.எஸ்.பி. சோதனையைக் கேளுங்கள். இதை நிறுவனம் தனியாகச் செய்யப் போக வேண்டாம். பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தோடு பேசி, பேராதனையில் உள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் வழியாகவே செய்யுங்கள்.

இப்போதைக்கு ஒரு சேகரிப்பு நிலையத்தின் மூன்று மாத லொறிப் பதிவை எக்செல்லில் ஏற்றுங்கள். அதிகப் பண்ணைகளைத் தொடும் லொறி எது என்று பாருங்கள். அந்தப் பாதையை இரண்டாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று தாள் கணக்கைத் திரும்பப் போடுங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால், அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஏ.டி.எஸ்.எம். என்ற விலங்கு நோய்ப் பரவல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.