அஞ்சு மணி டீயும் அந்த ஒரு சிகரெட்டும்

கேள்வி: வயது 41. சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறேன். இருபது வருடமாகப் பிடித்த சிகரெட்டை விட்டு 19 நாள் ஆகிறது. பகலில் சமாளித்துவிடுகிறேன். காலையில்தான் முடியவில்லைங்க. ஐந்து மணிக்கு எழுந்து பேக்கரியில் டீ கிளாஸைக் கையில் வாங்கினால், இன்னொரு கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது. வயிறும் சரியாகப் போவதில்லை. முந்தாநாள் கூட்டாளியிடம் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். இத்தனை நாள் இருந்ததெல்லாம் வீணா?
பெயர் வேண்டாம், சோமனூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். வீணில்லைங்க. பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுவீர்கள். அதற்காக மொத்தப் பாவு நூலையும் அறுத்துப் போட மாட்டீர்கள். ஆனால் அன்றைக்கு எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

புகைக்கிற நாட்களில் இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். இரவு தூங்கி எழும்போது கையிருப்பு கிட்டத்தட்டக் காலி. நாளின் முதல் சிகரெட்டுக்கு அத்தனை ருசி வந்தது அதனால்தான். இப்போது அந்தக் கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது பழக்கம். இருபது வருடம் என்றால் 7,300 காலை. எழுவது, டீ, சிகரெட், கக்கூஸ் என்று அதே வரிசை. ஆசையோடு மல்லுக்கட்டுவதைவிட இந்த வரிசையைக் கலைப்பது சுலபம்.

எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீர். பல் தேய்த்து, முதலில் குளித்துவிடுங்கள். டீ அதற்கப்புறம், வீட்டில். பேக்கரிக்கு ஒரு மாதம் லீவு. ஆசை கிளம்பினால் மணியைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள், தெருக்கோடி வரை நடந்துவிட்டு வாருங்கள்.

இனி, பலர் கவனிக்காத ஒரு விஷயம். சிகரெட் புகை, டீ காப்பியில் உள்ள கஃபீனை ஈரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்திய சில நாளிலேயே அந்த வேகம் குறைந்துவிடும். அதே டீயைத்தான் குடிப்பீர்கள், ஆனால் கஃபீன் உடம்பில் முன்பைவிட அதிக நேரம் தங்கும். படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். நாமோ ‘சிகரெட் இல்லாமல்தான் இப்படி’ என்று நினைத்துக்கொள்வோம். நான் விட்ட முதல் மாதம் டம்ளர் டம்ளராகக் காப்பி குடித்துவிட்டு, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பழி சிகரெட்டுக்கு, பாதி வேலை காப்பியுடையது. தறிக்குடோனில் ஒரு நாளைக்கு எத்தனை டீ போகும் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பாதியாக்குங்கள். கூடுமானால் சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம்.

வயிற்று விஷயத்துக்குக் கூச்சப்பட வேண்டாம். நிக்கோட்டின் குடலைத் தூண்டிவிடும். அது நின்றதும் குடல் கொஞ்ச நாள் சோம்பலாக இருக்கும். தண்ணீர், கீரை, கொய்யா, காலையில் கம்மங்கூழ் என்று போனால் சில வாரத்தில் பழையபடி ஆகும். இருமல் கூடினாலும் பயப்படாதீர்கள், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர் என்பதால், மாதம் தாண்டியும் இருமினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கும். இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சுரீர் என்றதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். சூயிங்கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பும், அது வாயில் இருக்கும்போதும் டீ குடித்தால் மருந்து ஏறாது. புகையை விட உதவும் அரசின் இலவச எண் 1800-11-2356, தமிழிலும் பேசலாம். சிகரெட் பெட்டி மேலேயே அச்சடித்திருப்பார்கள். சில்லறையாக வாங்கிய நமக்கு அது எங்கே கண்ணில் பட்டிருக்கும்?

மாதம் முடிந்ததும் பேக்கரிக்குப் போங்கள். முதல் தடவை காலையில் வேண்டாம், சாயங்காலம் போங்கள். ஒரு கையில் டீ இருந்தால் மறு கையில் தேங்காய் பன் இருக்கட்டும். ‘ஒண்ணுதான, இழு’ என்று நீட்டுகிற கூட்டாளிக்கும் அதில் பாதியைப் பிய்த்துக் கொடுங்கள்.