மடித்துப் பாருங்கள், புரட்டிப் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் நியூயார்க்கில் மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே தெருவுக்குத் தெரு பீட்சா கடையாமே! நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் மேலே வெறும் சீஸ் போட்ட பீட்சா துண்டு ஒன்று மட்டும் வாங்குங்கள். காளான், பெப்பரோனி (இது இறைச்சி, சைவர்கள் கவனிக்க) எல்லாம் குவித்தால் மாவின் குறை தெரியாது. அங்கே வழக்கமான பீட்சா 18 அங்குலம், எட்டாக வெட்டுவார்கள். துண்டை நீளவாக்கில் மடித்துப் பிடியுங்கள். நுனி லேசாகத் தொங்கலாம். சொதசொதவென்று சரிந்தால் சாஸ் அதிகம், அல்லது அடி வேகவில்லை.

அடியைப் புரட்டிப் பாருங்கள். முறுகல் தோசைபோல் பழுப்புப் புள்ளிகள் வேண்டும். அடுப்புக் கல் 280 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ந்திருந்தால்தான் அது வரும். கூட்ட நேரத்தில் ஒன்று எடுத்ததும் அடுத்ததை வைத்துக்கொண்டே போனால் கல் சூடு இறங்கி, அடி வெளுத்துவிடும்.

ஓரத்தைப் பிய்த்தால் சின்னதும் பெரிதுமாகத் துளைகள் தெரிய வேண்டும். ஈஸ்ட் நெடி தூக்கினால், அது அவசரமாகப் பொங்கவைத்த மாவு. நல்ல கடைக்காரர் குளிர்பெட்டியில் ஒரு நாளாவது புளிக்க விடுவார். சீஸ்மேல் கொஞ்சம் எண்ணெய் மினுங்கினால் குற்றமில்லை.

கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் துண்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கித் தருவார்கள். மைக்ரோவேவ் பக்கம் கை போனால் நடையைக் கட்டுங்கள்!