எழுதிக் கொடுக்க மறுத்தவர்கள்

அன்புள்ள ஐயா,

அடிமை முறை ஒழிந்தபின், விற்கப்பட்ட தன் பிள்ளைகளைத் தேடி கரீபியத் தீவான பார்படோஸிலிருந்து ஒரு தாய் கிளம்பும் சரித்திர நாவல் ஒன்றை வாசித்தேன். விடுதலை கிடைத்தும் அவள் தனக்காக வாழவில்லையே என்று உறுத்துகிறது. தாய்மையும் ஒரு தளைதானே? அப்புறம், இதற்கு 400 பக்கம் தேவையா?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

பக்கக் கணக்கை விடுங்கள், அதெல்லாம் விமர்சனமே இல்லை.

தளை என்றீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. சில மாதங்களாக இந்தக் காலத்தைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டு நியாயத்தை அவள் தலையில் கட்டாதீர்கள் அம்மா. அடிமைப் பெண்ணின் பிள்ளை பிறக்கும்போதே முதலாளியின் சொத்து. பெற்றவளுக்கு அதன்மேல் ஒரு பாத்தியதையும் கிடையாது.

பார்படோஸை ஆண்ட பிரிட்டனின் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. அங்கே உடனடி விடுதலை ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான். பெரியவர்கள் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் அதே கரும்புத் தோட்டத்தில் வாரம் 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நஷ்டஈடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் முதலாளிகளுக்கு.

குழந்தைகளுக்கும் ஒரு பொறி இருந்தது. வளர்க்க வழியில்லை என்றால் பிள்ளையை 21 வயதுவரை தோட்டத்து வேலைக்கே எழுதிவைத்துவிடலாம். அதற்கு வசதியாக, பல தோட்டங்களில் குழந்தைகளுக்குத் தந்துவந்த சாப்பாட்டையும் வைத்தியத்தையும் நிறுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள். நாளெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு ஒரு தாய் வருகிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. தோட்டத்து டாக்டர் எட்டிப் பார்க்க மாட்டார். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மருந்து வரும், கஞ்சி வரும். பார்படோஸ் தாய்மார்கள் சொல்லவில்லை. ஒருத்தி இரண்டு பேர் இல்லை, ஏறக்குறைய எல்லாருமே மறுத்தார்கள். தன் உடம்பு இன்னும் முதலாளி பிடியில் இருக்கும்போதே பிள்ளையை அவன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் கைக்கு வந்த முதல் அதிகாரமே அதுதான். அதைப் போய்த் தளை என்கிறீர்கள்!

தனக்காக வாழவில்லை என்கிறீர்கள். பிள்ளையை விற்றபோது ‘எங்கே கொண்டுபோகிறீர்கள்?’ என்று கேட்கக்கூட வழியில்லாதவள் இப்போது ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறாள். யாருக்காக என்று நினைக்கிறீர்கள்?

நடுவில் கொஞ்சம் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இன்னொரு தடவை படியுங்கள். அதற்குப் பிறகும் உறுத்தினால் எழுதுங்கள், சண்டை போடுவோம்.